ஓதம் பார்த்து வண்டி எடுங்கள்: கிராஞ்சி முதல் சாங்கி வரை ஒரு நாள் பறவைப் பயணம்

சிங்கப்பூரின் வடகரையில், கிராஞ்சியில் தொடங்கி சாங்கியில் முடிக்கும் ஒரே நாள் கார்ப் பயணத்தில் வலசை வரும் உள்ளான்கள், உப்புக்கொத்திகள், கடற்கழுகு, ஆலா, நீர்நாய், முதலை வரை பார்த்துவிட முடியும். தூரம் ஒரு பொருட்டே அல்ல. மொத்தமாக ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டாது. இருந்தாலும் பலர் போய்விட்டு, "ஒரு கொக்கைத் தவிர ஒன்றும் இல்லை" என்று திரும்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சரியான இடத்துக்கு, தவறான ஓத நேரத்தில் போனவர்கள்.

கடல்நீர் ஏறி வற்றும் அந்த ஓதம்தான் இந்தப் பயணத்துக்கு நேரம் குறிக்கிறது. உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகளுக்குக் காலை, மாலை என்று கணக்கில்லை. நீர் வற்றும்போது சேற்றுத்திட்டுகளில் பரவி இரை தேடும். நீர் ஏறித் திட்டு மூழ்கும்போது காலூன்ற இடமில்லாமல் உள்ளே வந்து ஒதுங்கும். வற்றிய நேரத்தில் ஒதுங்குமிடத்தில் போய் உட்கார்ந்தால் வெறும் குளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

நாள் குறிப்பது

வலசைப் பறவைகளுக்கு செப்டம்பர் முதல் மார்ச் வரை பருவம். சைபீரியா, வட சீனப் பக்கமிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் கிழக்காசிய-ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் சிங்கப்பூர் ஒரு தங்குமிடம். சில பறவைகள் ஓரிரு வாரம் இரை தின்று உடம்பு தேற்றிக்கொண்டு தெற்கே போகும். சில இங்கேயே பருவம் முழுக்கத் தங்கும்.

மாதம் முடிவானதும் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த இரண்டு மூன்று நாட்கள்: இவற்றில்தான் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் நீர் அரைகுறையாக ஏறி அரைகுறையாக இறங்கும். திட்டு முழுதாக மூழ்காது, முழுதாக வெளியே தெரியவும் செய்யாது. நல்ல காரியத்துக்கு அஷ்டமி, நவமியைத் தவிர்ப்பவர்களுக்கு இங்கே அறிவியலே துணை நிற்கிறது.

அடுத்து, கடல்துறை, துறைமுக ஆணையம் வெளியிடும் ஓத அட்டவணை. இணையத்திலும் ஓதச் செயலிகளிலும் அது கிடைக்கும். இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கிறது: தெற்குக் கரைக்கான நேரத்தை எடுத்து வடக்குக் கரைக்குப் பயன்படுத்துவது. வடக்கே, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள ஜொகூர் நீரிணை குறுகலானது. அதன் நடுவே 1924 முதல் கடற்பாலம் வேறு அணைபோலக் குறுக்கே நிற்கிறது. தெற்கில் நீர் உச்சம் தொடும் நேரமும் வடக்கில் தொடும் நேரமும் ஒன்றல்ல. கிராஞ்சி, ஈசூன் பக்கத்துக்கு செம்பவாங் அட்டவணையையும், சாங்கிக்கு சாங்கி அட்டவணையையும் பாருங்கள்.

அட்டவணையில் தேடவேண்டிய எண்கள் இரண்டு. கிராஞ்சிப் பக்கம் உள்ள சுங்கை பூலோ இயற்கைக் காப்பகத்துக்கு உச்ச ஓதம் 2.5 மீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். 2 மீட்டர் அளவில் நின்றுவிட்டால் வெளியே திட்டுகளில் இடம் மிச்சமிருக்கும், பறவைகள் உள்ளே வர மெனக்கெடாது. சாங்கி, ஈசூன் பக்கத்துச் சேற்றுக்குத் தாழ் ஓதம் 0.8 மீட்டருக்குக் கீழே போகவேண்டும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

வலசைப் பருவத்தின் நடுவில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பகல் உச்ச ஓதம் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி வரும், தாழ் ஓதம் மாலையில் சூரியன் சாயும்போது வரும். ஆகவே காலையில் மேற்கே சுங்கை பூலோ, பிற்பகலில் ஈசூன், மாலையில் கிழக்கே சாங்கி என்ற வரிசை தானாக அமைகிறது. உங்கள் நாளில் எண்கள் தலைகீழாக இருந்தால், அதாவது காலையில் வற்றிப் பிற்பகலில் ஏறினால், சாங்கியில் தொடங்கி பூலோவில் முடியுங்கள். பூலோ வாயில் மாலை 7 மணிக்கு மூடும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நாள்: காலை 11.40க்கு 3.0 மீட்டர், மாலை 6 மணிக்கு 0.5 மீட்டர். இதற்கு, காலை 7 மணிக்கு பூலோ வாயிலில் இருங்கள், 12.30 வரை அங்கேயே. சாப்பிட்டு, வெயில் கொஞ்சம் தணிந்தபின் 3.15க்கு ஈசூன் அணைக்கட்டு. 5 மணிக்கு சாங்கி. கீழே சொல்வதெல்லாம் இந்த நாளை வைத்துத்தான்.

கையில் என்ன வேண்டும்

8×42 பைனாகுலர் ஒன்று போதும். எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி. 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். முக்காலியில் நிற்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்கோப் இருந்தால் பூலோவிலும் சாங்கியிலும் பெரிய வித்தியாசம் தெரியும், ஆனால் கட்டாயமில்லை. புகைப்படத்துக்கு 400 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸ் என்றால் கரைப்பறவைகள் புள்ளிகளாகத்தான் விழும்.

புதிதாக வாங்கிய பைனாகுலரில் தலை வலிக்கிறதென்றால், பெரும்பாலும் கண்களுக்கு ஏற்பத் திருத்தாததுதான் காரணம். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் தூரத்துப் பலகை எழுத்தைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண்குவளைகளை உள்ளே தள்ளிவிடவேண்டும்; வெளியே இழுத்திருந்தால் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும்.

இந்த ஊரில் எல்லோரையும் ஒருமுறையாவது ஏமாற்றுவது காரின் குளிரூட்டி. குளிர்ந்த லென்ஸை ஈரக் காற்றில் எடுத்தவுடன் கண்ணாடி முழுக்கப் பனி படிந்துவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். முதலை படகுபோல மிதந்து போகும் அந்தப் பத்து நிமிடமும் உங்களுக்கு வெண்மூட்டம்தான். கருவிகளை குளிர்காற்று போகாத பின்பெட்டியில் வையுங்கள், அல்லது போய்ச் சேர 15 நிமிடத்துக்கு முன்பே குளிரூட்டியை அணைத்து சன்னலைத் திறந்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர், கொசுத்தைலம், தொப்பி, மூடிய காலணி, மழைக்குப் பையை மூட ஒரு உறை. உடை மங்கிய நிறத்தில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் புளிச்சாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போவதில் தவறில்லை. ஆனால் அதைக் கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோகாதீர்கள். நீண்டவால் குரங்குகளுக்கு அந்தப் பையின் சலசலப்பு என்றாலே சாப்பாடுதான். முதுகுப்பைக்குள் வைத்து இழுத்து மூடிவிடுங்கள்.

சுங்கை பூலோ: காலை 7 முதல் 12.30 வரை

கட்டணம் இல்லை. வாயில்கள் இரண்டு உண்டு: கிராஞ்சி வே பக்கம் ஒன்று, நியோ தியூ கிரசென்ட் பக்கம் ஒன்று. இரண்டையும் கரையோரப் பாதை இணைக்கிறது. கார் இல்லாதவர்கள் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925ஆம் எண் பேருந்தில் வரலாம். புறப்படும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் எந்தப் பாதையாவது மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; மரநடைபாதைகள் பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடப்படும்.

இன்னொன்று: நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜொகூர். கைப்பேசி தானாக மலேசியக் கட்டமைப்புக்குத் தாவிவிடும். வெளிநாட்டு இணையச் சேவையை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

இந்த இடம் முன்பு இறால், மீன் வளர்த்த பண்ணைக் குளங்கள். 1986இல் பறவை ஆர்வலர்கள் இங்கே கூடும் வலசைப் பறவைகளைக் கண்டு, காக்கவேண்டும் என்று அரசிடம் எழுத்தில் முறையிட்டார்கள். 1993இல் பூங்காவாகத் திறந்தது, 2002இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமானது. பழைய குளங்களின் மதகுகள் இன்றும் பயன்படுகின்றன. அவற்றை வைத்துக் குளத்து நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவதால், வெளியே மண்டாய், கிராஞ்சித் திட்டுகள் மூழ்கிய நேரத்திலும் உள்ளே கால் நனையும் ஆழத்தில் பறவைகள் நிற்க இடம் கிடைக்கிறது. உச்ச ஓதத்தில் இங்கே கூட்டம் சேர்வதற்கு இதுவே காரணம்.

ஏழு மணிக்கு நீர் இன்னும் தாழ்வாக இருக்கும். ஆகவே பறவைகளை ஒளிந்திருந்து பார்க்கும் மறைவிடங்களுக்கு முதலில் ஓடவேண்டாம். சுங்கை பூலோ பெசார் ஆற்றின் மேலுள்ள பெரிய பாலத்தில் நின்று இரு கரைச் சேற்றையும் நிதானமாக அலசுங்கள். உவர்நீர் முதலை தென்படும் இடம் இது. சேற்றில் கிடக்கும் மரக்கட்டை எது, முதலை எது என்று பைனாகுலர் இல்லாமல் சொல்வது கடினம். நீந்துவது உடும்பா முதலையா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். உடும்பு தலையைத் தூக்கி, உடலை நெளித்து நெளித்துப் போகும், பிளவுபட்ட நாக்கை அடிக்கடி நீட்டும். முதலைக்கு மூக்கும் கண்ணும் மட்டுமே மேலே தெரியும். நெளிவு தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். பாதையை விட்டு நீரோரம் இறங்காதீர்கள். பாதையிலேயே எதிர்ப்பட்டால் கல், குச்சி என்று எதையும் எடுக்காமல், மெல்லப் பின்வாங்குங்கள்.

சேற்றுத்துள்ளி மீன்களைப் பார்க்கவும் இதுவே நேரம். நீர் வற்றிய சேற்றில் துடுப்புகளை ஊன்றித் தத்தித் திரியும். ஆண்கள் முதுகுத் துடுப்பை விரித்துச் சண்டைக்கு நிற்கும். கண்டல் காட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருக்கும் மண்மேடுகளைப் பார்த்தால் எறும்புப் புற்று என்று நினைக்கத் தோன்றும். அவை சேற்று இறால் தோண்டி வெளியே தள்ளியவை. நீர் ஏற ஏற, மரமேறி நண்டுகள் தண்டில் மேலே வரும். அப்போது அம்புமீன்களையும் தேடுங்கள். வேர்களுக்கிடையே, மேற்பரப்புக்குச் சற்றே கீழே நிற்கும்; இலையில் இருக்கும் பூச்சி மீது நீரைப் பீய்ச்சி வீழ்த்தும். நீர்ப்பளபளப்பைக் குறைக்கும் குளிர்க்கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரியும்.

ஒன்பதரை மணிக்கு மறைவிடத்துக்குள் போய் உட்காருங்கள். இனி நகரவேண்டாம். இங்கேதான் பொறுமை இல்லாதவர்கள் தோற்கிறார்கள்: ஒரு மறைவிடத்தில் ஐந்து நிமிடம், அடுத்ததில் ஐந்து நிமிடம் என்று சுற்றி, பதினொரு மணிக்கு "வெயில் தாங்கவில்லை" என்று கிளம்பிவிடுகிறார்கள். வெளியே நீர் ஏறி, பறவைகள் பத்தும் இருபதுமாக உள்ளே வந்து இறங்குவது சரியாக அந்த நேரத்தில்தான்.

வந்து இறங்கும் கூட்டத்தை அளவு, கால், அலகு என்ற வரிசையில் பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். வலசைக் காலத்தில் முக்கால்வாசிப் பறவைகள் பழுப்பும் சாம்பலுமாகத்தான் இருக்கும். பெரியதாய், கீழ்நோக்கி வளைந்த அலகும் தலையில் கோடுகளுமாய் நிற்பது சின்னக் கோட்டான். காலும் அலகின் அடியும் சிவந்திருந்தால் பவளக்காலி. பறக்கும்போது இறக்கையின் பின்னோரத்தில் அகன்ற வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும், "டியூ-ஹூ-ஹூ" என்று கத்தும். அதைவிடச் சற்றே பெரியதாய், வெளுப்பாய், அலகு மேல்நோக்கி இலேசாக வளைந்து, கால் பச்சையாக இருந்தால் பச்சைக்காலி. அலகு குட்டையாய், நான்கடி ஓடுவதும் சட்டென்று நிற்பதுமாக இருந்தால் உப்புக்கொத்திக் குடும்பம். முதுகில் பொன்புள்ளிகள் தெரிந்தால் பொன்னிற உப்புக்கொத்தி. பின்பக்கத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு தனியாகத் திரிவது சாதாரண உள்ளான். முதல் நாளுக்கு இந்த ஐந்து போதும். கோடியக்கரையில் பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு இவற்றில் பல பழைய அறிமுகங்கள்தான்.

மஞ்சள்மூக்கு நாரைகளும், வெண்ணிற மில்க்கி நாரைகளும் பெரிதாக, அழகாக நிற்கும். ஆனால் இவை காட்டில் பிறந்து இங்கே வந்தவை அல்ல. விலங்குத் தோட்டத்தில் கூண்டில்லாமல் விடப்பட்ட கூட்டத்தின் வழிவந்தவை. இரண்டும் கலந்து பிறந்தவையும் உண்டு. படம் எடுங்கள், காட்டுப்பறவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

காலில் வண்ணப் பிளாஸ்டிக் பட்டை கட்டிய பறவை கண்ணில் பட்டால் அதுதான் அன்றைய பரிசு. எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, மேல் பட்டை என்ன நிறம், கீழ்ப் பட்டை என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று எழுதிக்கொள்ளுங்கள். மங்கலான படமாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். நிற வரிசை எந்த நாட்டில் பட்டை கட்டினார்கள் என்பதைச் சொல்லும். பூங்காக் கழகத்துக்கோ இ-பேர்டு (eBird) என்ற இணையப் பறவைப் பதிவிலோ தெரிவிக்கலாம்.

நண்பகலில் படம் எடுக்க முயல்பவர்களுக்கு: சூடேறிய சேற்றின் மேல் காற்று அலையாடும். ஐம்பது அறுபது மீட்டருக்கு அப்பால் எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் இறகு கூர்மையாக வராது. அது கருவியின் குற்றமல்ல. அருகில் இருப்பதை எடுங்கள், தூரத்தில் இருப்பதைப் பாருங்கள்.

ஈசூன் அணைக்கட்டு

பூலோவிலிருந்து புக்கிட் தீமா விரைவுச்சாலை, பிறகு சிலேத்தார் விரைவுச்சாலை. இருபது கிலோமீட்டர் சொச்சம், அரை மணி நேரம். வடகரையோரமாகத் தொடர்ச்சியான சாலை கிடையாது. ஒவ்வோர் இடத்துக்கும் உள்ளே போய்த்தான் வெளியே வரவேண்டும். சாப்பாட்டை ஈசூனில் ஏதாவது உணவங்காடி நிலையத்தில் முடித்துக்கொள்ளுங்கள். பூலோவைச் சுற்றிக் கடைகள் இல்லை.

1986இல் சிலேத்தார் ஆற்றின் வாயை அடைத்துக் கட்டியது இந்த அணை. ஒரு பக்கம் நன்னீர், மறுபக்கம் கடல். அணைமேல் போகும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். லாரிகள் வேகமாக வரும், அபராதமும் உண்டு. நீர்த்தேக்கப் பூங்காவின் கார்நிறுத்துமிடத்தில் விட்டு நடந்து வாருங்கள்.

இங்கே ஒரு மணி நேரம் போதும். நீர் வற்றத் தொடங்கியிருக்கும்; கடல்பக்கக் கற்களிலும் புதிதாக வெளிப்படும் சேற்றிலும் சாம்பல் நாரை, சின்ன வெண்கொக்கு, உள்ளான்கள் இறங்கும். ஆனால் இங்கே வருவதே மேலே பார்க்கத்தான். செம்பருந்து, நாம் கருடன் என்று கும்பிடும் அதே பறவை, நிச்சயம் வட்டமிடும். வெண்வயிற்றுக் கடற்கழுகு அதைவிட மிகப் பெரியது. வால் குட்டையாய் ஆப்பு வடிவில் இருக்கும், மிதக்கும்போது இறக்கையை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கும். இறக்கை நீளமாய், மணிக்கட்டில் மடிந்ததுபோல் தெரிந்து, கண்வழியே கறுப்புக் கோடு ஓடினால் அது விராலடிப்பான். வலசைப் பருவத்தில் வரும்.

நீர்நாய்க் குடும்பம் அணையின் இரு பக்கமும் நடமாடும். சிங்கப்பூரில் இல்லாமல் போயிருந்த இவை 1990களில் திரும்பி வந்து இன்று தீவு முழுக்கப் பரவியிருக்கின்றன. ஆட்களைப் பார்த்துப் பழகியவை என்பதால் நெருங்கலாம் என்று தோன்றும். குட்டிகள் கூட இருந்தால் பெரியவை கடிக்கத் தயங்காது. அவற்றுக்கும் நீருக்கும் நடுவே நீங்கள் நிற்காதீர்கள். மின்னொளி அடித்துப் படம் எடுக்காதீர்கள்.

சாங்கி: ஆலாக்கள்

தெம்பனிஸ் விரைவுச்சாலை வழியாக இன்னொரு இருபது கிலோமீட்டர் அளவு. ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்தால், சாங்கிக் கடற்கரைப் பூங்காவில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். கடலில் இருப்பதெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். காலையில் இதே இடத்தில் சூரியன் கண்ணில் அடிக்கும், ஆலா கறுப்பு நிழலாகத்தான் தெரியும். வெளிச்சமும் ஓதமும் ஒரே நேரத்தில் ஒத்துவரும் மாலை இது, வீணாக்காதீர்கள்.

கடற்பறவை என்று சொல்லத்தக்கவை இங்கே ஆலாக்கள்தான். மணலில் தேடாதீர்கள். மிதவைகள், கேலோங் எனப்படும் கடல்நடு மீன்பிடி மேடைகளின் கம்பங்கள், மிதக்கும் மீன்பண்ணைகளின் விளிம்புகள், மிதந்து போகும் மரத்துண்டு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அலசுங்கள். ஸ்கோப் இருந்தால் இங்கே எடுங்கள். உடல் பெரிதாய், அலகு எலுமிச்சை மஞ்சளாய், தலைக்குப் பின் கொண்டை சிலுப்பியிருந்தால் பெரிய கொண்டை ஆலா. அலகு ஆரஞ்சு நிறமாய், உடல் சற்றுச் சிறியதாய் இருந்தால் சின்னக் கொண்டை ஆலா. மாலை மஞ்சள் வெயிலில் எலுமிச்சையும் ஆரஞ்சாகத் தெரியும் என்பதால், இரண்டும் அருகருகே நின்றாலொழிய அவசரப்பட்டுப் பெயர் எழுதவேண்டாம். உடல் தூய வெள்ளையாய், கண்ணிலிருந்து பிடரி வரை ஒரு கறுப்புப் பட்டை மட்டும் ஓடினால் கரும்பிடரி ஆலா. இது கடல்நடுப் பாறைகளில் கூடு கட்டும். மைனாவைவிடப் பெரிதில்லாமல், ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக நீரில் பாய்வது சின்ன ஆலா.

கற்சுவர் ஓரங்களில் கருஞ்சாம்பல் நிறக் கொக்கு ஒன்று குனிந்து திரியும். பவளப்பாறைக் கொக்கு அது. கால் குட்டையாக இருக்கும்.

ஒரு குறுக்கு வழி உண்டு. சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் போகும் படகில் ஏறுங்கள். 12 பேர் சேர்ந்ததும் புறப்படும், ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாகக் கொடுக்கவேண்டும். பத்து நிமிடப் பயணம். மிதவைகளில் உட்கார்ந்திருக்கும் ஆலாக்களைக் கரையிலிருந்து பார்ப்பதைவிடப் பல மடங்கு நெருக்கமாகப் பார்க்கலாம். போய் இறங்கி, அடுத்த படகிலேயே திரும்பிவிடுங்கள். கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே படகோட்டியிடம் கேட்டுவிடுவது நல்லது. உபினில் இருக்கும் செக் ஜாவா கரையையும் இதே நாளில் சேர்க்கலாமே என்று ஆசை வரும், வேண்டாம். துறையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல், சைக்கிளோ வேனோ வேண்டும். 2001இல் மண்ணிட்டு நிரப்பும் திட்டம் தள்ளிவைக்கப்பட்டதால் தப்பிய அந்தக் கரைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

நீர் முழுதாக வற்றியபின் கரையில் இறங்கி நடக்க விரும்பினால் மூடிய காலணி கட்டாயம். மணலில் புதைந்த திருக்கை மீது கால் படாமலிருக்க, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கவேண்டும். கடற்புல் மேல் மிதிக்கவேண்டாம். கல்லைப் புரட்டிப் பார்த்தால் பழையபடியே கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் உயிர்கள் வெயிலில் காய்ந்துவிடும். நீர் திரும்பும் நேரத்துக்குள் மேலே வந்துவிடுங்கள்.

இருட்டுவதற்கு முந்திய அரை மணி நேரம் சாங்கி வில்லேஜ் மரங்களுக்கு. இருவாச்சி இங்கே ஊருக்குள்ளேயே திரியும். 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் காணாமல் போனது, 1990களில் உபினில் மீண்டும் தென்பட்டு, செயற்கைக் கூட்டுப்பெட்டிகளின் துணையால் பெருகியது. பறக்கும்போது இறக்கை "வுஷ் வுஷ்" என்று இரைவதைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினால் போதும். கிளிக் கூட்டங்கள் அடைய வரும் சத்தமும் அதே நேரத்தில்தான். பிறகு அங்கேயே உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் வரிசையில் நின்றுகொள்ளலாம்.

சட்டமும் வானமும்

எந்த விலங்குக்கும் பறவைக்கும் உணவு போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், மீண்டும் செய்தால் 10,000 வரை. வீட்டில் காகத்துக்குச் சோறு வைத்துப் பழகிய கை சும்மா இருக்காது என்பதால் குழந்தைகளோடு பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். பறவை எதிரி வந்துவிட்டதென்று இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை பிற்பகல் மழை சாதாரணம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் மழைப் படத்தையும் மின்னல் எச்சரிக்கையையும் பாருங்கள். இடி கேட்டதும் மரநடைபாதை, கோபுரம், திறந்த கடற்கரை மூன்றையும் விட்டு வண்டிக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள். மழை விட்ட உடனே திரும்பி வருவது இலாபம்: நனைந்த பறவைகள் இறகு உலர்த்த வெளியே வந்து நிற்கும்.

ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை போகிறவர்களுக்கு வலசைக் கூட்டம் இருக்காது, ஓதக் கணக்கும் மாறும். மிகத் தாழ்ந்த ஓதம் விடியலுக்கு முன்னும் விடியலிலும் வரும். அந்த மாதங்களில் வரிசையைத் திருப்பி, இருட்டோடு சாங்கிக் கரையில் தொடங்குங்கள். செம்பருந்து, கடற்கழுகு, நாரை, நீர்நாய், முதலை ஆண்டு முழுக்க உண்டு.

ஆலாவோடு மனம் நிறையாமல் உண்மையான ஆழ்கடல் பறவைகளைத் தேடுபவர்களுக்குக் கரை உதவாது. செப்டம்பர், அக்டோபரில் ஸ்வின்ஹோ பெட்ரல், அலூஷியன் ஆலா ஆகியவை சிங்கப்பூர் நீரிணை வழியே போகும். பறவை ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து படகு அமர்த்திப் போவார்கள். அவர்களோடு இணைவதுதான் வழி. கப்பல் போக்குவரத்து நெரிசலான நீரிணையில் சொந்தமாக முயல்வது சரிப்படாது.

வீடு திரும்பியதும், களைப்பாக இருந்தாலும், கருவிகளைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். உப்புக்காற்று பட்ட உடற்பகுதியை நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். கண்ணாடியில் மணல்தூளை முதலில் ஊதுகுமிழால் ஊதிவிட்டுத்தான் துணி போடவேண்டும், இல்லையென்றால் கீறல் விழும். பிறகு ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் இருக்கும் உலர்பெட்டியில் வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் மூடிய பைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.